அறைச் சாவிக்கு ஆதார் நகலா?

வாசகர் கேள்வி-பதில்

விடுதியில் தங்கும்போது அடையாள அட்டை கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்கள் சொல்லிவிட்டன. எனவே இந்த இதழ் முழுவதும் அந்தப் பொருளுக்கே. வழக்கமாகக் கேள்வி கேட்டவரின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடுவோம். இம்முறை ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பெயரை எடுத்துவிட்டோம். சொந்த விவரங்களைக் காக்கச் சொல்லும் பக்கத்தில் வாசகர்களின் சொந்த விவரத்தை அச்சிடுவது சரியாக இராது அல்லவா?

கேள்வி: குடும்பத்தோடு ஆறு பேர் புதுச்சேரியில் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கினோம். அறைச் சாவி தருவதற்கு முன்பே ஆறு பேருடைய ஆதார் அட்டைகளையும் இருபுறமும் படமெடுத்து, அங்கே வேலை பார்க்கும் தம்பியின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டோம். இப்போது மனம் உறுத்துகிறது. ஆதார் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? கொடுத்ததைத் திரும்பப் பெற வழி உண்டா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

தங்குபவர் யார், எந்த ஊர் என்று விடுதிக்காரர் கேட்பதிலும் அதைப் பதிவேட்டில் எழுதி வைப்பதிலும் தவறில்லை. நாளை காவல்துறையினர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வெளிநாட்டவர் தங்கினால் அவருடைய கடவுச்சீட்டு, விசா விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும் விடுதிக்கு உண்டு. ஆனால் ‘அடையாளம் காட்ட வேண்டும்’ என்பது வேறு, ‘ஆதார்தான் காட்ட வேண்டும்’ என்பது வேறு. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பெயரில் ஆதாரைக் கேட்க இடம் தந்த, ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று அளித்த தீர்ப்பில் நீக்கிவிட்டது. விருப்பப்பட்டு நீங்கள் ஆதார் காட்டலாம். வேண்டாம் என்றால் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஒன்றைக் காட்டலாம். பான் அட்டையை மட்டும் பெரும்பாலான விடுதிகளில் ஏற்க மாட்டார்கள், அதில் முகவரி இல்லை என்பதால்.

ஆதாரே கைவசம் இருக்கிறது என்றால், மறைக்கப்பட்ட ஆதார் என்று ஒன்று இருப்பதை நம்மில் பலர் இன்னும் அறியவில்லை. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டையைப் பதிவிறக்கும்போதே ‘மாஸ்க்டு’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், 12 இலக்கங்களில் முதல் எட்டும் மறைந்து கடைசி நான்கு மட்டுமே தெரியும் பிரதி கிடைக்கும். அதை அச்சிட்டுப் பையில் இரண்டு மூன்று பிரதிகள் வைத்துக்கொள்வது, பயணத்துக்கு முன் மாத்திரைகளை எடுத்து வைப்பது போன்ற ஒரு வேலைதான். ஒன்றைக் கவனிக்கவும்: இதில் எண்தான் மறையுமே தவிர முகவரியும் பிறந்த தேதியும் படமும் அப்படியே இருக்கும். எனவே எந்த நகலானாலும், எழுத்துகளின் மீதே குறுக்காக, ‘அறை எடுப்பதற்காக மட்டும்’ என்று விடுதியின் பெயரையும் தேதியையும் சேர்த்துப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். அந்த நகலை வேறொரு காரியத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். பதிவிறக்கும் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கடவுச்சொல், உங்கள் பக்கத்து வீட்டுக்காரரே ஊகித்துவிடுவார்.

ஆதார் நகலைப் பற்றி அரசுத் தரப்பிலேயே ஒரு தடுமாற்றம் நடந்தது நினைவிருக்கலாம். 2022 மே மாதத்தில் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாருக்கும் தராதீர்கள், மறைக்கப்பட்ட ஆதாரையே பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிக்கை விட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று கூறி அந்த அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறப்பட்டது அறிக்கைதான். அதில் சொல்லப்பட்ட புத்திமதி இன்றைக்கும் எனக்குச் சரியாகவே படுகிறது.

இனி அந்தத் தம்பியின் கைப்பேசிக்கு வருவோம். அவர்மீது குறை சொல்ல நான் விரும்பவில்லை. முதலாளி சொன்னதைச் செய்கிறவர் அவர். ஆனால் விடுதியின் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டிய ஆறு பேரின் விவரங்கள், ஒரு தனி மனிதரின் சொந்தக் கைப்பேசியில், அவருடைய குடும்பப் படங்களுக்கு நடுவே இருக்கின்றன. அவர் அடுத்த மாதம் வேலையை விட்டுப் போகலாம், கைப்பேசியை விற்கலாம், பேருந்தில் தவறவிடலாம். காகித நகலுக்கு மட்டும் இந்தக் கதி நேராது என்று எண்ணிவிட வேண்டாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மாலை நான் வாங்கிய சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தபோது, தாளின் மறுபக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் ஓட்டுநர் உரிம நகல், அவர் புகைப்படத்தோடு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய தாள் கடைக்கு எடைக்குப் போன கட்டில் அதுவும் இருந்திருக்கும். காகிதம் ஒரு பொட்டலத்தோடு முடிந்துவிடுகிறது. கைப்பேசியில் இருப்பதோ எத்தனை பிரதியாகவும் பெருகும். ஆகவே அடுத்த முறை, ‘அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், வேண்டுமானால் நகல் தருகிறேன், வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டேன்’ என்று தன்மையாகவே சொல்லிப் பாருங்கள். பத்தில் எட்டு இடங்களில் ஒத்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். குழந்தைகளுக்கும் அட்டை கேட்டால், பெயரும் வயதும் போதாதா என்று கேளுங்கள்.

அனுப்பிவிட்டதைத் திரும்பப் பெறுவது கடினம். வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் அழி’ என்ற வசதி ஏறத்தாழ இரண்டரை நாள் வரைதான் வேலை செய்யும், அதற்குள் அழித்தாலும் படம் எதிராளியின் கேலரியில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கலாம். விடுதிக்குத் தொலைபேசியில் பேசி அழிக்கச் சொல்லுங்கள். சொன்னால் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைவிட உறுதியான காரியங்கள் உங்கள் கையிலேயே உள்ளன. ஆதார் இணையதளத்திலோ எம்ஆதார் செயலியிலோ கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவிடுங்கள். ஆதார் எண்ணையும் போலிக் கைரேகையையும் வைத்து வங்கிக் கணக்கில் பணம் எடுக்கும் மோசடிக்கு அதுவே தடுப்பு. ரேஷன் கடையில் விரல் வைக்கப் போகும் நாளில் மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்ப நேரும். உங்கள் ஆதார் எங்கெங்கே பயன்படுத்தப்பட்டது என்ற கடந்த ஆறு மாத விவரத்தையும் அதே தளத்தில் பார்க்கலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் இருக்கின்றன என்று தெரியும். உங்களுடையது அல்லாத எண் அதில் இருந்தால் அங்கேயே புகார் செய்துவிடலாம். ஆதார் தொடர்பான சந்தேகங்களுக்கு 1947 என்ற எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: சிறிய லாட்ஜுகளில்தான் இந்தப் பயம். பெரிய நட்சத்திர ஓட்டல், பெரிய விமான நிறுவனம் என்றால் கவலை இல்லைதானே? (வில்லியனூர்)

அப்படி இல்லை. மாரியட் ஓட்டல் குழுமம், தான் வாங்கிய ஸ்டார்வுட் நிறுவனத்தின் முன்பதிவுப் பட்டியலுக்குள் யாரோ பல ஆண்டுகளாகப் புகுந்திருந்ததை 2018 நவம்பரில்தான் வெளியிட்டது. விருந்தினர்களின் பதிவுகள் கோடிக்கணக்கில் கசிந்தன. பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்யாமல் வைத்திருந்த கடவுச்சீட்டு எண்கள் மட்டுமே 50 லட்சத்துக்கு மேல். ஏர் இந்தியா தன் பயணிகளில் சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்ததை 2021 மே மாதத்தில் அறிவித்தது. கசிவு நேர்ந்தது அந்நிறுவனத்துக்குப் பயணிகள் சேவைக் கணினி வசதி அளித்த வெளி நிறுவனத்தில்.

சிறிய லாட்ஜில் நோட்டுப் புத்தகம் தொலைந்தால் நூறு பேருக்குத் தொல்லை, பெரிய இடத்தில் பூட்டு உடைந்தால் கோடிப் பேருக்கு. அங்கே பூட்டு வலுவானது என்பது உண்மைதான், ஆனால் திருடனுக்கு ஆசை காட்டுவதும் அந்தக் களஞ்சியம்தான்.

கேள்வி: நான் புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடை நடத்துகிறேன். வண்டி திரும்பி வரும் வரை ஓட்டுநர் உரிமத்தையோ ஆதாரையோ அசலாகவே வாங்கி வைத்துக்கொள்வது இங்கே பல கடைகளில் வழக்கம். இப்போது சிலர் ஏதோ புதுச் சட்டத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். எங்கள் வண்டிக்கு யார் பொறுப்பு? (புதுச்சேரி)

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரே கேள்வி உங்களுடையது என்பதால் நன்றியோடு தொடங்குகிறேன். ஒரு லட்ச ரூபாய் வண்டியை முகம் தெரியாத ஒருவரிடம் சாவியோடு கொடுத்துவிட்டு நிற்பவரின் கவலை எனக்குப் புரிகிறது.

அவர்கள் சொல்லும் சட்டம், 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் வேர், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பில் இருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. கடமைகளில் பெரும்பாலானவை அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. எனவே உங்கள் வாடிக்கையாளர் சண்டையைக் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்கிவிட்டார் என்று சொல்லலாம். ஆயினும் திசை தெரிந்துவிட்டது: ஒரு காரியத்துக்காக வாங்கிய விவரத்தை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும், காரியம் முடிந்தபின் வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத பட்சத்தில் அழித்துவிட வேண்டும். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது உச்சவரம்பு, ஸ்கூட்டர் கடைக்காக எழுதப்பட்ட தொகை அன்று, பயப்பட வேண்டாம்.

இதில் உங்கள் கடைக்கு நேராகப் பொருந்தும் நுணுக்கம் ஒன்று உண்டு. இந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள விவரங்களுக்கும், காகிதத்திலிருந்து டிஜிட்டலாக மாற்றப்பட்ட விவரங்களுக்கும்தான். நோட்டில் பேனாவால் எழுதிய வரிக்கு இது பொருந்தாது. அதே உரிமத்தை உங்கள் கைப்பேசியில் படம் பிடித்த நொடியில் நீங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடுகிறீர்கள்.

அசலை வாங்கி வைப்பது பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அது இரு தரப்புக்கும் கெடுதல். ஓட்டுகிறவர் உரிமத்தை உங்களிடம் விட்டுவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோதனையில் நிற்க வேண்டி வரும். அரசின் டிஜிட்டல் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் உள்ள உரிமத்தைக் காட்டினால் போதும் என்று மோட்டார் வாகன விதிகள் 2018 முதல் அனுமதிக்கின்றன என்றாலும், எல்லோரும் அதை வைத்திருப்பதில்லை. உங்களுக்கோ, பத்து அசல் அட்டைகள் மேசை இழுப்பறையில் இருக்கும் நாளில் கடை திருடு போனால் பத்துப் பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பயணியின் கடவுச்சீட்டை ஈடாக வாங்கவே வாங்காதீர்கள். கடவுச்சீட்டு அதை வைத்திருப்பவருக்கே சொந்தமில்லை. இந்தியக் கடவுச்சீட்டு எப்போதும் மத்திய அரசின் உடைமை என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, பிற நாடுகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

முன்பணத்தைச் சற்றுக் கூட்டி வாங்குங்கள். அசலைக் கண்ணால் பார்த்து, முகத்தோடு ஒப்பிட்டு, நோக்கம் எழுதிய நகலில் கையெழுத்துப் பெறுங்கள். அவர் சொல்லும் கைப்பேசி எண்ணுக்கு அங்கேயே ஓர் அழைப்புக் கொடுத்து மணி அடிக்கிறதா என்று பாருங்கள். வண்டி திரும்பி, கணக்கு முடிந்து, போக்குவரத்து அபராதம் ஏதும் வந்து சேருவதற்கான நியாயமான காலம் கழிந்ததும் நகலைக் கிழித்துவிடுங்கள். ‘உங்கள் நகலை இத்தனை நாளில் அழித்துவிடுவோம்’ என்று கடையில் ஒரு பலகை வைத்தால், வருகிறவர்கள் அடுத்த கடைக்குப் போகாமல் உங்களிடம் வருவார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ரயில் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் அச்செடுக்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனால், ‘இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க’ என்கிறார்கள். வேறு வழி என்ன? (திருப்பாதிரிப்புலியூர்)

கடைக்காரரின் கணினியில் அந்த வாட்ஸ்அப் நாள் முழுவதும் திறந்தே கிடக்கும், உங்களுக்கு முன்னால் வந்தவரின் சம்பளச் சான்றும் பின்னால் வருபவரின் குழந்தையின் மாற்றுச் சான்றிதழும் அடுத்தடுத்துத் திரையில் தெரியும். முடிந்தவரை வீட்டிலிருந்தே அச்செடுத்துச் செல்லுங்கள். முடியாதபோது, எண்ணை மறைத்த பிரதியை மட்டும் அனுப்பி, அச்சானதும் கடையை விட்டு இறங்கும் முன்பே ‘எல்லோருக்கும் அழி’ என்று கொடுத்து, கணினியில் பதிவிறங்கிய கோப்பையும் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். உங்கள் வாட்ஸ்அப்பையோ மின்னஞ்சலையோ அந்தக் கணினியில் திறந்திருந்தால், கைப்பேசியில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்துக்குப் போய் வெளியேற்ற மறக்காதீர்கள். இணையத்தில் எடுத்த ரயில் பயணச்சீட்டுக்குக் காகிதமே தேவையில்லை. குறுஞ்செய்தியும், டிஜிலாக்கரில் உள்ள ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமமும் பரிசோதகரிடம் செல்லும்.

கேள்வி: என் மாமியார் காசிக்குப் போனாலும் மாமல்லபுரத்துக்குப் போனாலும் வண்டி ஏறியதிலிருந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்டேட்டஸ் போடுகிறார். விமானச் சீட்டைக்கூடப் படமெடுத்துப் போட்டார். சொன்னால் கோபம் வருகிறது. (முத்தியால்பேட்டை)

அத்தை முதல் முறை விமானம் ஏறும் மகிழ்ச்சியை நான்கு பேருக்குக் காட்ட நினைப்பதில் குற்றம் என்ன இருக்கிறது? எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதில்தான் சற்று நிதானம் தேவை.

விமானத்தின் போர்டிங் பாஸில் இருக்கும் ஆறு எழுத்து முன்பதிவுக் குறியும் கடைசிப் பெயரும் தெரிந்தால், பல விமான நிறுவனங்களின் தளத்தில் அந்தப் பயணியின் முன்பதிவுக்குள் நுழைந்துவிடலாம். குறியை விரலால் மறைத்தாலும் பக்கத்தில் உள்ள பட்டைக் குறியீட்டுக்குள் அது இருக்கும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-இல் இன்ஸ்டகிராமில் தன் போர்டிங் பாஸ் படத்தைப் போட்டார். கணினிப் பாதுகாப்பு அறிந்த ஓர் இளைஞர் அதை வைத்தே விமான நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து, அவருடைய கடவுச்சீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டெடுத்தார். நல்லவராக இருந்ததால் உரியவர்களுக்குத் தெரிவித்தார். இந்தக் கதையை அத்தையிடம் சொல்லுங்கள். ‘ஒரு பிரதமருக்கே இப்படி ஆயிற்றாம்’ என்று தொடங்கினால் கோபம் வராது. பயணம் முடிந்த பிறகும் அந்தச் சீட்டை விமானத்தின் இருக்கைப் பையிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டாம்.

கோயில் கோபுரமும் கடலும் யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். ஆனால் ‘பத்து நாள் யாத்திரை, இப்போதுதான் கிளம்புகிறோம்’ என்பது, தெருவில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று கதவில் எழுதி ஒட்டுவதுதான். ஸ்டேட்டஸை யார் யார் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பிலேயே வரையறுக்கலாம். குழாய் ரிப்பேர்க்காரர், பால்காரர், பழைய வாடகைதாரர் என்று எண்ணைச் சேமித்து வைத்த எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. அதை நீங்களே ஒருநாள் உட்கார்ந்து அவருக்குச் செய்து கொடுங்கள். கைப்பேசி எடுக்கும் படத்துக்குள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது நீங்கிவிடும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் நீங்காது. கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டால் இந்த யோசனையே வேண்டாம்.

கேள்வி: பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் உள்ள யூஎஸ்பி துளையில் சார்ஜ் போட்டால் கைப்பேசியில் உள்ளதை எல்லாம் திருடிவிடுவார்களாமே? இலவச வைஃபை? (நெல்லிக்குப்பம்)

யூஎஸ்பி வடத்தில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பியும் தகவலுக்கு இரண்டு கம்பியும் இருப்பதால் அது முடியும் என்று 2011-லேயே செய்து காட்டியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட எச்சரிக்கைக் கையேட்டிலும் அது உண்டு. ஆனாலும் மிகைப்படுத்தப்பட்ட பயம் இது என்பதே என் எண்ணம். இன்றைய கைப்பேசிகள் தகவலை விடுமுன் உங்களைக் கேட்கின்றன. கேட்டால் ‘வேண்டாம்’ என்று அழுத்துங்கள். சொந்த சார்ஜரைச் சுவர் பிளக்கில் செருகினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

வைஃபையிலும் பயம் இடம் மாறிவிட்டது. பெரும்பாலான தளங்களும் வங்கிச் செயலிகளும் தகவலை மறைகுறியாக்கியே அனுப்புவதால், பக்கத்து மேசையில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பது முன்போல் எளிதன்று. இன்றைய தூண்டில், நிலையத்தின் பெயரையோ காபிக் கடையின் பெயரையோ சூட்டிக்கொண்ட போலி இணைப்பு. அதில் சேர்ந்ததும் வரும் பக்கம் பெயர், எண், பிறந்த தேதி, சில சமயம் அட்டை எண் வரை கேட்கும். ரயில் நிலைய வைஃபைக்குக் கைப்பேசி எண்ணும் ஓ.டி.பி.யும் போதும். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பணப் பரிமாற்றத்துக்கு உங்கள் சொந்த டேட்டாவே நல்லது.

கேள்வி: திருமணமான புதிது. வெளியூரில் அறை எடுக்கும்போது ரகசிய கேமரா இருக்குமோ என்ற பயத்தில் தூங்கவே முடிவதில்லை. எப்படிச் சோதிப்பது? (பண்ருட்டி)

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உண்டா என்று அதில் விரல் நகத்தை வைத்துப் பார்க்கும் சோதனை நம்பத்தக்கதன்று. இலவசச் செயலிகளும் அப்படியே. உங்கள் கண்ணும் ஒரு டார்ச் விளக்கும் அவற்றைவிட மேல். அறை விளக்குகளை அணைத்துவிட்டுக் கட்டிலையும் குளியலறையையும் நோக்கியிருக்கும் பொருள்களின் மீது மெதுவாக ஒளியை ஓட்டுங்கள். கடிகாரம், புகை உணர்வி, செருகியபடியே இருக்கும் சார்ஜர், செட்டாப் பெட்டி, ஏசி ஆகியவற்றில் புள்ளியாய் ஒன்று திரும்ப மின்னினால், அது ஒரு கேமராவின் வில்லையாக (லென்ஸ்) இருக்கலாம். காரணமில்லாமல் செருகியிருக்கும் எதையும் பிடுங்கிவிடுங்கள், சந்தேகமான பொருளின் மீது துண்டைப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஏதாவது அகப்பட்டால் அதைக் கழற்றாதீர்கள், வரவேற்பு மேசைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே படமெடுத்து, அறையை விட்டு வெளியே வந்து 112-ஐ அழையுங்கள். ஒரு பெண்ணின் அந்தரங்க வேளையை அவள் அறியாமல் பார்ப்பதும் படம்பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். படம் இணையத்தில் பரவிவிடுமோ என்ற அச்சம் இருந்தால், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் இவ்வகைப் புகாரைப் பெயர் வெளியிடாமலும் கொடுக்கலாம். வெட்கப்பட வேண்டியவர் கேமராவை வைத்தவர்.

கேள்வி: பாரிசில் இருக்கும் மகள் வீட்டுக்கு விசா எடுத்துப் போகிறேன். இப்போதெல்லாம் இறங்கியதும் முகத்தையும் கைரேகையையும் பதிகிறார்களாமே. மறுக்க முடியுமா? என் தம்பிக்குப் பிரெஞ்சு குடியுரிமை உண்டு, அவனுக்கும் இதேதானா? (புதுச்சேரி)

தம்பிக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கொண்டுவந்த நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை, ஒன்றியத்தின் குடிமக்கள் அல்லாமல் குறுகிய காலம் தங்க வருபவர்களுக்கானது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்கு மாற்றாக வந்தது அது. உங்களைப் போல் விசாவோடு வருபவர்களின் கைரேகை விசா விண்ணப்பத்தின்போதே எடுக்கப்பட்டிருப்பதால், எல்லையில் முகப்படம் எடுப்பார்கள். மறுத்தால் நுழைய விட மாட்டார்கள். பதிவு பொதுவாக மூன்றாண்டு வைக்கப்படும். அனுமதித்த நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறிய பதிவில்லாதவருக்கு ஐந்தாண்டு. தங்களைப் பற்றி என்ன பதிந்திருக்கிறது என்று கேட்கவும் பிழையைத் திருத்தவும் அயல்நாட்டவருக்கும் அங்கே உரிமை உண்டு.

சென்னை விமான நிலையத்தில் இருக்கும் டிஜி யாத்ரா அப்படியன்று. முகத்தைக் காட்டி உள்ளே போகும் அந்த வசதி உள்நாட்டுப் பயணத்துக்கு, அதுவும் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். வாசலில் நிற்பவர்கள் ‘இதில் வாருங்கள்’ என்று கைப்பேசியை வாங்கிப் பதிவு செய்ய முற்பட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடையாள அட்டையைக் காட்டி வழக்கமான வரிசையில் போகலாம். வரிசை கொஞ்சம் நீளமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: பேருந்தில் கைப்பேசி பறிபோயிற்று. முதலில் காவல் நிலையத்துக்கு ஓடினேன். அதற்குள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. என்ன வரிசையில் செய்திருக்க வேண்டும்? (சிதம்பரம்)

முதலில் சிம் கார்டை முடக்க வேண்டும், ஏனென்றால் ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வருகிறது. திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டாலே போதும், உங்கள் திரைப்பூட்டு வீணாகிவிடும். உடன் வந்தவரின் கைப்பேசியிலிருந்து உங்கள் தொலைபேசி நிறுவனத்தை அழைத்து அதைச் செய்யலாம். அடுத்து வங்கியை அழைத்து யூபிஐ சேவையை நிறுத்த வேண்டும். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. காவல் நிலையப் புகார் அதற்குப் பின். அந்தப் புகார் நகலை வைத்து சஞ்சார் சாத்தி தளத்தில், ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால் கைப்பேசி எந்த நிறுவனத்தின் சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கப்படும்.

அந்த 15 இலக்க எண் உங்களிடம் குறித்து வைக்கப்பட்டிருந்தால்தான் இதெல்லாம் சுலபம். புதுக் கைப்பேசி வாங்கியதும் *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். வீட்டு நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள், கைப்பேசியிலேயே சேமித்து வைக்காமல். சிம்முக்கும் தனியாக ஒரு பின் எண் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதியில் இருக்கிறது. போடும் முன், உங்கள் சிம்முக்கு முதலில் உள்ள பின் எண் எது என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊகித்து மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு பியூகே எண் வாங்கித்தான் திறக்க வேண்டும்.